பதினாறு குறை

ஓசூர் பாகலூர் ரோட்டில் கலீல் பாய் கடை.
மூடிப்போன கம்பெனி ஒன்று
மூன்று லோடாக வந்து இறங்கியிருந்தது:
நாற்காலிச் சக்கரங்கள், வருகைப்பதிவு மெஷின்,
சாவி தொலைந்த லாக்கர்,
அதற்கு அடியில் இது.
முகப்புத் தூசியை எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
ஆறரை இலக்க மல்டிமீட்டர்.

"கிலோ கணக்கா, பீஸ் கணக்கா பாய்?"
"உள்ளே தாமிரம் இருக்கு" என்று
தூக்கித் தராசில் வைத்தார். நாலு கிலோ இருநூறு.
"எடை சும்மா பார்த்தது. விலை பீஸுக்கு."
தராசின் முத்திரை
இரண்டு வருஷம் முன்பே காலாவதி.
அதைச் சொன்னேன். நூறு ரூபாய் குறைந்தது.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கண்டக்டர் லக்கேஜ் என்றார், குழந்தை என்றேன்,
அரை டிக்கெட் கிழித்துவிட்டுத்தான் போனார்.
மேலுமலை இறக்கத்தில் காது அடைத்தது.
ஓசூர்க் குளிரில் இருந்து பழகியது இது;
பழையபேட்டையில், பாறைக்குக் கீழே,
ராத்திரி பத்துக்கும் சுவர் சுடுகிற என் வீட்டில்
என்ன சொல்லப்போகிறதோ.

நான் வேலை செய்வது மாங்கூழ் ஃபேக்டரியில்.
இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில்
நூற்றுத் தொண்ணூறு வரும்.
மோட்டார் முனகும், ஓடும், டின் நிரம்பும்.
தசமப் புள்ளிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று
அங்கே யாரும் கேட்டதில்லை.

நாலு மணி நேரம் சூடேற வேண்டும்.
மூன்றே முக்காலில் கரண்ட் போனது.
மறுபடி முதலிலிருந்து.
மழை பெய்து ஓய்ந்த ஓர் ஆவணி விடியலில்தான்
அறை இருபத்துமூன்று டிகிரிக்கு இறங்கியது.
ஃபேனை நிறுத்தினேன். காற்றுக்கும் கணக்கு உண்டு.
இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தேன்:
சுழியம் வரவேண்டும், கடைசி எண் ஏறிக்கொண்டே போனது.
விரலை எடுத்தேன். இறங்கியது.
என் உடம்புச் சூடு அது. இத்தனை வருஷத்தில்
யாரும் என்னை இவ்வளவு நுணுக்கமாகத் தொட்டதில்லை.

திம்மராயன் ஓசூரில் ஒரு லேபில் இருக்கிறான்.
டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து
ஒரு சின்ன போர்டு கொண்டுவந்து கொடுத்தான்,
பத்து வோல்ட் தருவது.
மடித்த சீட்டில் அவன் கையெழுத்து: 10.00003.
"நாளைக்குத் திருப்பிக் கொடு, கேட்பாங்க."

என் மீட்டர் சொன்னது: 9.99987.
காத்திருந்தேன். அதையே சொன்னது.
ஒரு லட்சத்தில் பதினாறு பங்கு வோல்ட் குறை.

மூடியைத் திறந்தால்
திருகாணியின் தலையில் சிவப்பு அரக்கு.
பக்கத்தில் பழுத்த ஸ்டிக்கர்: 11-3-2009, ம.எ.
யாரோ ஒருவர், பெயரில் இரண்டெழுத்து மட்டும்,
இதே இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு
கால் சுற்று, அதில் கால் சுற்று திருப்பி,
அரக்கு வைத்து மூடிவிட்டு
டீ குடிக்கப் போயிருப்பார்.

ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தது.
திருப்பினால் பத்து வரும்.
ஆனால் இத்தனை வருஷத்தில் பதினாறே நகர்ந்தது
என்ற விஷயம் போய்விடும்.
தவிர, திம்மராயனின் சீட்டுக்கு யார் சாட்சி?
அவன் லேபின் மீட்டருக்கு வேறொரு லேப்,
அதற்கும் மேலே இன்னொன்று.
எங்கோ ஓரிடத்தில்
ஒருவர் மற்றவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

கோமளா எழுந்து வந்தாள்.
"முடிஞ்சுதா?"
சுவர்க் கடிகாரம் நின்று மூன்று நாளாகிறது,
அதன் பேட்டரியைக் கழற்றி நீட்டினாள்.
0.91264.
"செத்துப் போச்சு" என்றேன்.
"அது எனக்கே தெரியும்" என்றாள்.

மூடியைப் பூட்டினேன். அரக்கைத் தொடவில்லை.
பழைய ஸ்டிக்கருக்கு மேலே ஒட்டாமல்
அதற்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம்:
பத்தில் பதினாறு குறை. 23 டிகிரி. சா.மு.
தேதி போட்டு, நேரம் எழுதப் போனேன்.
கடிகாரத்தில் ஏழு இருபது.
மூன்று நாள் முந்தைய ஏழு இருபது.
வெளியே பால்காரன் மணியடித்தான்.
"விடியல்" என்று எழுதிவிட்டேன்.